நரம்பு துளிர்க்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதது பாம்பன் கடிதம். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் கணவருக்கு (52) பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கை சரியாக எழவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை புதிதாக வளரும் என்று ஒரு மருத்துவமனையில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். படகை விற்றுவிடலாமா? (பாம்பன்)

விற்காதீர்கள் அம்மா. ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, தன்னைப் போலவும் பெருகும், வேறு செல்லாகவும் மாறும். ஆனால் ஊசியில் ஏற்றிவிட்டால் அது இறந்த நரம்பு செல்லின் இடத்தில் போய் அமர்ந்து பழைய இணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்தம் சார்ந்த நோய்களுக்கு மட்டுமே இதை வழக்கமான சிகிச்சையாக ஏற்கிறது. பக்கவாதத்துக்கு என்றால் பதிவு செய்த ஆய்வில்தான் கொடுக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது. கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கை எழ வழி வேறு. இறந்த பகுதி திரும்பாது. அதைச் சுற்றியுள்ள செல்கள் புது இணைப்பு போட்டு, அதன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். இதைத்தான் மூளையின் நெகிழ்வுத்தன்மை என்கிறோம். முதல் மூன்று மாதம் இது வேகமாக நடக்கும். பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. விரல் கொஞ்சமாவது விரிகிறதென்றால், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நேரம்வரை இடது கைக்கு உறை மாட்டிவிட்டு வலது கைக்கே வேலை கொடுங்கள். வலைச் சிக்கெடுப்பது, மிதவை கோர்ப்பது என்று அவருக்குப் பழகிய வேலையாக இருக்கட்டும். ஒரு நாளில் நூறு தடவை என்றாலும் குறைவுதான். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்.

கடல் அட்டைக்கும் பல்லிக்கும் அறுந்தது வளர்கிறது. மனிதனின் முதுகுத்தண்டு ஏன் வளர்வதில்லை? (மண்டபம், கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. கடல் அட்டையின் நரம்பு வடம் அறுந்தால், அங்கே நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் தம் உருவை இழந்து, பெருகி, புது நரம்பு செல்களையும் தருகின்றன. பல்லியின் புது வாலிலும் தண்டுவடக் குழாய் வளரும். ஆனால் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் வரும், பழைய அமைப்பும் வராது. நம்மைப் போன்ற பாலூட்டிகளில், துணைச் செல்கள் தழும்பு கட்டிவிடுகின்றன. நரம்பின் மேலுறையில் உள்ள சில புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. எலியின் தண்டுவடத்தில் குருத்தணுப் பண்புள்ள செல்கள் உண்டு. காயம் பட்டதும் அவை பெரும்பாலும் தழும்புக்கே போய்ச் சேர்கின்றன. பெரியவர்களின் மூளையில் புது நரம்பு செல் பிறக்கிறது என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. 2018இல் வேறோர் ஆய்வு மறுத்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. (கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் தடை. கரையில் கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள்.)

தங்கூசி (நைலான் இழை) வலை அறுத்து மணிக்கட்டில் நரம்பு துண்டானது. தைத்து இரண்டு மாதம் ஆகியும் விரல் நுனி மரத்தே கிடக்கிறது. (கீழக்கரை)

பொறுங்கள். கை நரம்பு முதுகுத்தண்டு மாதிரி இல்லை, வளரும். ஆனால் நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாது. அதுவரை அந்த விரல்களுக்குச் சூடு, வெட்டு தெரியாது. என்ஜின் பக்கமும் ஐஸ் பெட்டியிலும் கண்ணால் பார்த்துத் தொடுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு கருவாட்டு வாசனையே தெரியவில்லை. (தொண்டி)

மூக்கின் மேல்கூரையில் உள்ள மணம் அறியும் நரம்பு செல்கள், அடியிலுள்ள குருத்தணுக்களிலிருந்து வாழ்நாள் முழுதும் புதிதாக வருபவை. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் என நான்கையும் காலை, மாலை ஒவ்வொன்றாக இருபது விநாடி முகருங்கள். சில மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். அதுவரை மீன் கெட்டதா, கேஸ் கசிகிறதா என்று வீட்டில் வேறொருவர் முகர்ந்து சொல்லட்டும்.