மாஜிஸ்திரேட் நீதிபதிக்கு ஒப்புதல் தர மறுத்தால் கைதியின் வழக்கு பாதிக்கப்படுமா?

அமெரிக்கச் சிறையில் இருந்தபடி அரசு அலுவலர்கள் உரிமைகளை மீறினால் வழக்காட வழிதரும் கூட்டாட்சிச் சட்டத்தின் 1983-ஆம் பிரிவின் கீழ் குடிமை உரிமை வழக்குத் தொடுத்தவர், மாஜிஸ்திரேட் நீதிபதி (கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட நீதிபதிக்கு உதவும் நீதிபதி) வழக்கை விசாரிக்க இசைவு கேட்டு நீதிமன்ற அலுவலகம் அனுப்பும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயமில்லை, மறுப்பதால் எந்தப் பாதகமும் நேரக் கூடாது என்பது சட்டம்.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், 8 ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட மாஜிஸ்திரேட் நீதிபதியே விசாரித்து இறுதித் தீர்ப்பும் வழங்குவார். மேல்முறையீடு நேரே சர்க்கியூட் நீதிமன்றத்துக்கு, அதாவது கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். பிறகு மனம் மாறினால் ஒப்புதலைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

மறுத்தாலும் வழக்கு அவர் மேசைக்கு வரலாம்; சிறை நிலைமைகளை எதிர்க்கும் மனுக்களை மாவட்ட நீதிபதி அவருக்கு அனுப்ப முடியும். அப்போது அவர் எழுதுவது பரிந்துரை மட்டுமே. அதன் நகல் சார்வு செய்யப்பட்ட (தரப்பினருக்கு முறைப்படி வழங்கப்பட்ட) 14 நாட்களுக்குள், எந்தப் பகுதி ஏன் தவறு என்று குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபித்தால், ஆயுட்காலப் பதவியில் இருக்கும் மாவட்ட நீதிபதி அப்பகுதிகளைப் புதிதாகப் பரிசீலித்தாக வேண்டும். தபாலை நம்பியிருக்கும் கைதிக்கு 14 நாட்கள் மிகக் குறைவு என்பதால், மறுப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்தக் கெடுவைத்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: டெக்சாஸ் கைதி ஒருவரின் வழக்கில், படிவம் தராத பிரதிவாதிகள் மாஜிஸ்திரேட் நீதிபதி முன் விசாரணையில் தாமாகவே கலந்துகொண்டதை, 2003-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதலாகவே ஏற்றது.