நடைபாதையில் கிடப்பவரைச் சேர்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டுமா?

கேள்வி: சென்னையில் கடை வைத்திருக்கிறேன். எதிர் நடைபாதையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பல மாதங்களாகக் கிடக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்; காலில் சீழ் பிடித்த புண் இருக்கிறது. அரசு மருத்துவமனை ஒன்றில் ஆதார் எங்கே, கூட இருக்க ஆள் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீதிமன்ற உத்தரவு வாங்கி மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவுக்கு இருந்த இடத்தைச் சொல்லித்தான் இடைத்தரகர்கள் இன்றும் பிழைக்கிறார்கள். அதற்குப் பதிலாக வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்டது; அதன்படி மனநல மருத்துவமனையில் சேர்க்க நீதிமன்ற உத்தரவு கட்டாயமில்லை. இத்தகையவர்கள் உங்களிடம் நீட்டுவது பெரும்பாலும் நோட்டரி முத்திரை குத்திய ஒரு பிரமாணப் பத்திரமாகத்தான் இருக்கும்; அதில் நீங்களே உறவினர் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். பணம் போவதோடு, பொய் உறுதிமொழி கொடுத்த பழியும் உங்கள் தலையில் விழும்.

முதலில் புண்ணைக் கவனிக்க வேண்டும். 108-ஐ அழையுங்கள். அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழ்வுரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆதாரைக் காரணம் காட்டினால் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள்; எழுதித் தரச் சொன்னதுமே சேர்த்துக்கொண்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறேன் என்று வார்டு வாசலில் நிற்பவர்களுக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

மனநிலை குறித்த பொறுப்பு காவல் நிலையத்துடையது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவருக்கு மனநோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், நிலையப் பொறுப்பு அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு கூறுகிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தையும் தேட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் காரியம் நடக்காது. மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு மனநல மருத்துவமனையில் வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கேட்கக் கூடாது.

இலவச சட்ட உதவி உண்டு என்று நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை காவல் அதிகாரிக்கும் மனநல மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவருக்கும் உண்டு. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அந்த உதவியைத் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, நோயாளி வார்டில் இருக்கிறார். இருவரையும் சேர்த்துவைக்க ஆள் போதாத நிலை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே நீங்களே 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெண் என்பதால் அவருடைய வருமானத்தைப் பார்க்காமலே வழக்கறிஞர் கிடைப்பார். ‘கூட இருக்க ஆள்’ என்ற கேள்விக்கும் அந்த வழக்கறிஞரால் விடை தேட முடியும்: உறவினர் இல்லாதவருக்குச் சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் அமர்த்துபவரையோ இச்சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியம் நியமனப் பிரதிநிதியாக்கலாம் (நோயாளி முடிவெடுக்கத் துணை நிற்பவர்), அதுவரை, மனநோயாளிகளுக்காகப் பணிபுரியும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி தற்காலிகமாக அப்பொறுப்பை ஏற்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நடைபாதையில் படுப்பது மனநோய் அல்ல. தனக்குத்தானே பேசுவதால் மட்டும் ஒருவரை அடைத்துவைக்க முடியாது. சீழ் உடலில் பரவிக் காய்ச்சல் ஏறினாலும் மனிதர் பிதற்றுவார். அவர் விருப்பமின்றிச் சேர்ப்பதென்றால் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு நேரும் நிலை தெரிய வேண்டும், அப்போதும் முதல் அனுமதி 30 நாள்களுக்கு மேல் போகாது. சேர்க்க வேண்டிய நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னால், வீடற்றோருக்கான அரசுக் காப்பகத்தில் கொண்டு விடுவதும் காவல்துறையின் கடமையே. அழைத்து வந்த நடைபாதையிலேயே இறக்கிவிட்டால், அன்றே மனு ரசீதுடன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் புகார் கொடுங்கள்.