செல்ஃப் டிரைவ் காருக்கு கேமரா ஃபைன்: கேளுங்க, சொல்றேன்

வண்ணார்பேட்டைப் பக்கம் செல்ஃப் டிரைவ், அதாவது எடுப்பவரே ஓட்டிக்கொள்கிற கார்களை வாடகைக்கு விட்டவன், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையும் ஓரளவு பழக்கம். திருச்செந்தூர், குற்றாலம் என்று வண்டி எடுத்துப் போய்விட்டு வந்தபிறகு ஃபைன் விஷயத்தில் முழிக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால், வந்த கேள்விகளை ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நான்குவழிச் சாலையில் ஸ்பீடாகப் போனேன் என்று கேமராவில் விழுந்திருக்கிறதாம். கார்க்காரர் போன் போட்டு 3,000 ஜிபே பண்ணச் சொல்கிறார். பண்ணிவிடவா? (மேலப்பாளையம்)

பொறுங்க தம்பி. முதலில் சலான் (ஃபைன் நோட்டீஸ்) நம்பரைக் கேளுங்க. ஃபைன் தகவல் ஆர்சி-யோடு (வண்டியின் பதிவுச் சான்று) பதிந்திருக்கிற போன் நம்பருக்குத்தான் போகும், அதாவது கார்க்காரருக்கு. அவர் சொல்கிற தொகைதான் உங்களுக்குத் தெரியும், உண்மையில் போட்ட தொகை தெரியாது. மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் எந்த இடம், எத்தனை மணி, என்ன பிரிவு, எவ்வளவு தொகை என்று வந்துவிடும், கேமரா எடுத்த போட்டோவும் பெரும்பாலும் இருக்கும். காருக்கு அதிவேகம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 183-ம் பிரிவில் 1,000 முதல் 2,000 வரைதான். அதற்குமேல் கேட்கிறார் என்றால் மிச்சம் அவருடைய "சர்வீஸ் சார்ஜ்". அது நீங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரில் இருந்தால் கொடுங்க, இல்லாவிட்டால் எதுக்கு என்று கேளுங்க. சலான் நம்பரே தரமாட்டேன் என்கிறவருக்கு ஒரு பைசா அனுப்பாதீங்க.

இன்னொன்று, பணத்தை அவர் கையில் கொடுப்பதைவிட நீங்களே அந்தத் தளத்தில் கட்டி ரசீதை அவருக்கு அனுப்புவது நல்லது. கொடுத்த பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு சலானைக் கட்டாமல் விடுகிற ஆட்களும் உண்டு.

வண்டியைச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சலானில் இருக்கிற நேரம் ராத்திரி. நான் இல்லை என்று எப்படி நிரூபிக்க? (பாளையங்கோட்டை)

நிரூபிக்க நிறைய இருக்கு. சாவி கொடுத்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால் அதுவே போதும். ஃபாஸ்டாக் இன்னும் நல்ல சாட்சி. நாங்குநேரியிலோ கயத்தாறு பக்கத்து சாலைப்புதூர் டோல்கேட்டிலோ வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது கார்க்காரருடைய கணக்கிலேயே பதிவாகியிருக்கும். வாடகைக் கார்களில் ஜிபிஎஸ் மாட்டியிருப்பார்கள், அந்தப் பதிவையும் காட்டச் சொல்லுங்க. உங்களுக்கு அடுத்து வண்டி எடுத்தவர் யார் என்று கார்க்காரருக்குத் தெரியும், உங்களிடம் கேட்பது சுலபம் என்று கேட்டிருப்பார்.

போட்டோவில் இருப்பது வேறு வண்டி, நம்பரைத் தப்பாகப் படித்திருக்கிறது என்றால் அதே தளத்தில் புகார் கொடுக்க இடம் இருக்கு. ஆனால் கட்டிவிட்டுப் புகார் கொடுக்காதீங்க. கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி, கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

ஓட்டினது என் மச்சான். வண்டி எடுத்தது என் லைசென்ஸில். யார் மேல் விழும்? (வள்ளியூர்)

சட்டப்படி ஓட்டினவர் மேல். 133-ம் பிரிவின்படி போலீஸ் கேட்டால் யார் ஓட்டினார் என்று வண்டி உரிமையாளர் சொல்லியாக வேண்டும், அவர் உங்கள் பெயரைத்தான் சொல்வார், அப்புறம் மச்சான் பெயரை நீங்கள் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குக் குடும்பத்தில் பஞ்சாயத்து வைப்பதா என்பது உங்க பாடு.

செங்கோட்டை வழியாகக் கொல்லம் போனோம். முன்சீட்டில் இருந்த எங்க அத்தை பெல்ட் போடவில்லை என்று கேரளாவில் ஃபைன். திரும்ப அந்தப் பக்கம் போகப்போவதில்லை, விட்டுவிடலாமா? (தென்காசி)

விடமுடியாது. ஆரியங்காவு தாண்டினால் வேறு ராஜ்ஜியம் என்ற நினைப்பெல்லாம் பழசு. கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமராக்கள் ஃபைன் போடுகின்றன, மொத்தம் 726 கேமரா. பெல்ட், ஹெல்மெட், போன் பேசுவது எல்லாம் அதில் விழும், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கிறவர் பெல்ட் போடாததும் சேர்த்து. அந்தச் சலானும் அதே பரிவாஹன் தளத்தில்தான் வரும், தென்காசியில் உட்கார்ந்தே கட்டலாம். கட்டாவிட்டால் வண்டி மேல் பாக்கி நிற்கும், கார்க்காரர் உங்களைத்தான் துரத்துவார்.

அட்வான்ஸ் 5,000 பிடித்து வைத்திருக்கிறார். "ஃபைன் வந்தாலும் வரும்" என்கிறார். எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (அம்பாசமுத்திரம்)

கேமராவில் பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். அதனால் இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரம் வைத்திருப்பதில் நியாயம் இருக்கு. மாதக்கணக்கில் வைத்திருப்பது வட்டியில்லாக் கடன். நீங்களே வண்டி நம்பரைப் போட்டுத் தளத்தில் தேடிப் பார்க்கலாம், ஆனால் சேசிஸ் நம்பரிலோ எஞ்சின் நம்பரிலோ கடைசி ஐந்து எழுத்தும் கேட்கும். அதனால் வண்டி எடுக்கும்போதே ஆர்சி-யை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

நான் எடுத்தது சாதாரண வெள்ளை நம்பர் பிளேட் வண்டி. அதனால் ஏதும் பிரச்சினையா? (திசையன்விளை)

இதுதான் பெரிய பிரச்சினை, ஃபைனெல்லாம் சின்னது. செல்ஃப் டிரைவ் வாடகைக்கு அனுமதி வாங்கிய கார் என்றால் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். ஓன் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை பிளேட் காரை, வாடகைக்கு விடுவதே சட்டவிரோதம். நம்ம ஊரில் சொல்லிக்கொண்டும் சொல்லாமலும் நடக்கிறது, வாடகை குறைவு என்று நாமும் எடுக்கிறோம். ஃபைன் வந்தால் "வாடகைக்குக் கொடுத்தேன்" என்று அவரால் வெளியே சொல்லமுடியாது, ரசீதும் இருக்காது. விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வாய்ப்பு அதிகம். அவர் கேட்கிறது நியாயமான தொகையா என்று தளத்தில் பார்த்து, அங்கேயே கட்டிவிட்டு, அடுத்தமுறை கறுப்பு பிளேட் வண்டியாக எடுங்க.

வாட்ஸ்அப்பில் "உங்கள் சலான்" என்று ஒரு ஏபிகே ஃபைல் வந்திருக்கு, திறக்கவா? (டவுண்)

திறக்கவே கூடாது. ஏபிகே என்பது போனில் ஆப்பை ஏற்றிவிடுகிற ஃபைல். போலீஸ் யாருக்கும் ஏபிகே அனுப்பாது. அரசுத் தள முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும், வேறு எதிலும் பணம் கட்டாதீங்க. ஏற்கெனவே திறந்து பணம் போயிருந்தால் இப்பவே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க.