மைக்கை அழுத்தினால் அணையும் செட்: உப்பு எங்கே ஏறியிருக்கிறது?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர் கேட்கிறார்: "என் 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) செட்டில் ரிசீவ் நன்றாக இருக்கிறது. பேச மைக்கை அழுத்தினால் சில நேரம் மட்டும் டிஸ்ப்ளே மங்கி அணைந்துவிடுகிறது. வயரை அசைத்தால் இரண்டு நாள் ஓடும். பவர் சப்ளையையும் மாற்றிவிட்டேன், மீட்டரில் 13.8 வோல்ட் காட்டுகிறது. செட் போய்விட்டதா?"

செட்டைத் திறக்காதீர்கள். வயரை அசைத்தால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அந்த 13.8 சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. ரிசீவில் செட் 1 ஆம்பியர், 2 ஆம்பியர்தான் இழுக்கும், பேசும்போது 20 ஆம்பியர் வரை போகும். உப்புக் காற்றில் களிம்பு பிடித்த ஒரு இணைப்பில் 0.1 ஓம் கூடியிருந்தால் ரிசீவில் 0.1, 0.2 வோல்ட் குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 20 ஆம்பியரில் அதே இடத்தில் 2 வோல்ட் போய்விடும், 40 வாட் சூடும் அங்கேயே இறங்கும். பெரும்பாலான செட்டுகள் 13.8-க்குக் கீழே 15 சதவீதம் வரை, அதாவது சுமார் 11.7 வரைதான் தாங்கும். வயரில் போகும் இழப்பும் சேர்ந்தால் கதை முடிந்தது.

அதனால் லோடு கொடுத்துத்தான் அளக்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை, அதாவது சக்தியை வெளியே விடாமல் சூடாக்கிக் கரைக்கும் ரெசிஸ்டரை, மாட்டுங்கள். எஸ்.எஸ்.பி.யில் (குரல் முறை) பேசிக்கொண்டே அளந்தால் மீட்டர் குதிக்கும், ஆகவே சி.டபிள்யூ.வில் (மோர்ஸ் முறை) ஐந்து விநாடி மட்டும் கீயை அழுத்துங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை சப்ளையின் பிளஸ்ஸிலும் இன்னொன்றை செட்டின் பின்புற பிளஸ்ஸிலும் தொட்டால் அந்த வழியில் எவ்வளவு தொலைகிறது என்று நேராகக் காட்டும். மைனஸ் பக்கமும் அப்படியே, அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒவ்வொரு இணைப்பாக, முக்கியமாக பியூஸ் ஹோல்டரின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

என் சந்தேகம் பியூஸ் ஹோல்டர் மேல்தான். தொண்டியில் என் செட்டுக்கும் இதேதான் நடந்தது, பியூஸ் பளபளவென்று இருந்தது, அதைப் பிடித்திருந்த கிளிப் உள்ளே பச்சையாக இருந்தது. உப்புக் கடல் காற்று ஓயாமல் வீசும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த எதற்கும் இந்தக் கதிதான்.

களிம்பு பிடித்த ஹோல்டரைச் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கெடும். மாற்றிவிடுங்கள். வயரின் உறையைச் சீவும்போது செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டுங்கள், உப்பு ஈரம் உறைக்குள் வெகுதூரம் ஊறிப்போகும். புது லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) நன்றாக அழுத்திக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். பேட்டரி வைத்திருந்தால் டெர்மினலை இறுக்கிய பிறகு வாஸ்லைன் தடவுங்கள். அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் பெரிய பியூஸ் போட்டுவிடாதீர்கள்.

டம்மி லோடில் ஒழுங்காக ஓடி, ஆன்டெனா மாட்டினால் மட்டும், அதுவும் ஒரு பேண்டில் மட்டும் அணைந்தால் அது வேறு சங்கதி, ஆர்.எஃப். (நீங்கள் அனுப்பும் ரேடியோ அலை) திரும்பி வந்து சப்ளையைக் குழப்புகிறது. அப்படியென்றால் எந்த பேண்ட், எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு, ஆன்டெனா செட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள், பார்ப்போம்.