விற்ற காருக்கும் தவணை கட்டுகிறீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. எட்டு ஆண்டு ஓடிய டொயோட்டா 86 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு கதவு, கையால் கியர் மாற்றும் வண்டி. இப்படி ஒரு கூபே வாங்க வேண்டும் என்பது படிக்கும் காலத்து ஆசை. இப்போதுள்ள காருக்கு இன்னும் 42 தவணை பாக்கி. அந்தக் காரை எடுத்துக்கொண்டு, அதன் கடன் பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்து, ஏழு ஆண்டுக் கடனாக மாற்றித் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். மாதத் தவணை இப்போது கட்டும் அதே தொகைதான். ஏற்கெனவே இரண்டு முறை இப்படித்தான் கார் மாற்றினேன். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனாலும் இந்த முறை என் மனைவி வேண்டாம் என்கிறார். எனக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. வாங்கலாமா?

பதில்: தூக்கம் வராததற்குக் காரணம் அந்தக் கூபே அல்ல. கார் ஆசை தவறில்லை, சம்பாதிப்பவருக்கு அது இருக்கலாம். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் ‘அதே தொகைதான்’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். உங்களைக் கெடுப்பது அதுதான். ஒரு பொருளின் விலையைக் கேட்காமல் தவணையை மட்டும் கேட்கும் வழக்கம் உங்களுக்குப் படிந்துவிட்டது. விற்பவர் அதைச் சரியாகக் கண்டுகொண்டார்.

நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே வெளியிட விரும்பவில்லை. உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற வாசகர்களும் தங்கள் சம்பளத்தைப் பொருத்திப் பார்க்கலாம்.

இப்போதைய காரின் கடன் பாக்கி 520. விற்பனையாளர் அந்தக் காருக்குத் தரும் விலை 400. ஆக, காரைக் கொடுத்த பிறகும் 120 கடன் நிற்கிறது. கூபேயின் விலை 700. பழைய பாக்கி 120, காப்பீடும் பெயர் மாற்றமும் சேர்ந்து ஏறக்குறைய 30. மொத்தக் கடன் 850. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 84 மாதங்களுக்குப் போட்டால் தவணை 15 வருகிறது. இப்போதும் 15தான் கட்டுகிறீர்கள். விற்பனையாளர் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் இப்போதைய கடனுக்கு நீங்கள் இனிக் கட்டப்போவது 42 முறை 15, அதாவது 630. புதுக் கடனுக்கு 84 முறை 15, அதாவது 1,260. சரியாக இரண்டு மடங்கு. அந்தக் கடன் முடியும்போது காருக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும்.

அந்த 120ஐத் தனியாக எடுத்துப் பாருங்கள். உங்களிடம் இனி இல்லாத காருக்கான கடன் அது. ஏழு ஆண்டு வட்டியோடு 178 ஆகிறது. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். அதற்கு ஈடாக உங்கள் வாசலில் ஒரு சக்கரம்கூட நிற்காது.

காரைக் கொடுத்த பிறகும் நிற்கும் இந்தக் கடன் வளரும் பள்ளம். முதல் முறை மாற்றியபோது இது 50 இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது 120. கூபே வாங்கி இரண்டு ஆண்டில் அலுத்து விற்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பழக்கத்தைப் பார்த்தால் நடக்கக்கூடியதுதான். அதற்குள் 360 கட்டியிருப்பீர்கள், அதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். கடன் பாக்கி 675 நிற்கும். அன்று வண்டி 500க்கு விலை போனால் பள்ளம் 175. தவணை தவறியதில்லை என்பது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தவணை தவறாமலேயே ஒருவர் கடனில் மூழ்க முடியும். உங்கள் மனைவி கண்டிருப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

விற்பனையாளர் காட்டிய இன்னொரு திட்டத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: மாதம் சிறிய தவணை, கடைசியில் ஒரே மூச்சில் பெருந்தொகை. இதை இப்போது எல்லா இடத்திலும் கூவி விற்கிறார்கள். எனக்கு இதில் பொறுமையே இல்லை. அசல் கழியாமல் கிடப்பதால் மொத்த வட்டி கூடுகிறது. கடைசியில் அந்தப் பெருந்தொகை கையில் இல்லாதவர் என்ன செய்வார்? மறுபடி காரை மாற்றுவார். உங்களைப் போன்றவருக்கு அதைவிட ஆபத்தான கடன் இல்லை. ‘கையால் கியர் மாற்றும் கூபே இனி வராது, விலை ஏறும்’ என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அப்படி விலை ஏறுபவை பெரும்பாலும் குறைவாக ஓடி, எதுவும் மாற்றப்படாமல், மூடிவைத்துக் காக்கப்பட்ட வண்டிகள். நீங்கள் தினமும் வேலைக்கு ஓட்டிப்போகப் போகிறீர்கள்.

சரி, கூபே வேண்டவே வேண்டாமா? வேண்டும். கடன் இல்லாமல் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

இந்த வகை வண்டியை வைத்துக்கொள்ளவே தவணைக்கு மேல் பணம் வேண்டும். வேகமான இரண்டு கதவு வண்டிக்குக் காப்பீடு பொதுவாகக் கூடுதல். ஒட்டிப் பிடிக்கும் மென்மையான டயர் சீக்கிரம் தேயும். கிளட்ச் எவ்வளவு நாள் தாங்கும் என்பது வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. இந்த வண்டியின் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் ஸ்பார்க் பிளக் மாற்றுவதுகூட மெக்கானிக்குக் கூடுதல் நேர வேலை. நீட்டித்த உத்தரவாதம் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். கிளட்ச், பிரேக் கட்டை, டயர் போன்ற தேயும் பொருள்களை அது பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எல்லாவற்றுக்குமாக மாதம் 6 ஒதுக்கச் சொல்வேன்.

அந்த 6ஐ இன்றே ஒதுக்கத் தொடங்குங்கள், ஆனால் பழைய கடனில் போடுங்கள். மாதம் 15க்குப் பதில் 21 கட்டினால், 520 பாக்கி 42 மாதத்துக்குப் பதில் 29 மாதத்தில் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 13 மாதமும் அதே 21ஐச் சேமியுங்கள். 273 சேரும். அன்று உங்கள் பழைய கார் 200க்கு விலை போகும் என்று வைத்தால் கையில் 470க்கு மேல். இதே வகைக் கூபே அப்போது இன்னும் மூன்றரை வயது கூடி, விலை இறங்கி, அந்தத் தொகைக்கு அருகில் வந்திருக்க வாய்ப்புண்டு. சற்றுக் கூடுதலாக இருந்தால் இன்னும் சில மாதம். விற்பனையாளர் கணக்கில் அதே நாளில் உங்களுக்கு 42 தவணை பாக்கி இருக்கும்.

மாதம் 6 கூடுதலாகக் கட்ட முடியவில்லை என்றால் அதுவே உங்கள் கேள்விக்கு விடை. அந்தக் கூபேயை வைத்துக்கொள்ளவும் உங்களால் முடியாது.

நண்பர் ஒருவர் இதைவிட மலிவாக மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கிடைக்கும் என்றாராம். 2003 முதல் 2012 வரை வந்த வண்டி அது, ஓட்ட அருமையானது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் அதன் ரோட்டரி எஞ்சின், உள்சீல்களுக்கு வழவழப்புக் கொடுக்க எண்ணெயைத் தானே செலுத்தி எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் எண்ணெய் அளவை அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். பார்க்காதவர் ஓட்டிய வண்டியில் சீல் தேய்ந்து அழுத்தம் குறையும், சூடான எஞ்சின் மறுபடி கிளம்பத் திணறும். பிறகு எஞ்சினைப் பிரிக்கும் செலவு காரின் விலையையே எட்டிவிடலாம். மலிவு என்பது அந்தச் செலவை முன்கூட்டியே கழித்த விலை.

நாள் வந்து கூபே பார்க்கப் போகும்போது, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்யப்பட்டது. நான்கு டயரும் நான்கு வேறு வயதில் இருந்தால் காரணம் கேளுங்கள். இந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் சறுக்கி விளையாடியவர்கள் நிறையப் பேர்.

இந்த வாரம் விற்பனையாளரைப் பார்க்க வேண்டாம். உங்கள் கடன் நிறுவனத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: கூடுதலாகக் கட்டும் தொகை நேராக அசலில் கழிக்கப்படுமா, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் எவ்வளவு? அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள். 29 மாதக் கணக்கைத் திருத்திப் போட்டுத் தருகிறேன்.