முதலில் பேச வேண்டிய இடம்: ஃப்ளாப்புக்குப் பிறகு சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வலியைத்தான் சொல்கின்றன. பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயப் பணம் போடும் இடத்தில்) உட்கார்ந்து கால் செய்கிறோம் (எதிராளி போட்ட அளவுக்குச் சமமாகப் போடுகிறோம்), ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுகிறது, எதிராளிக்கு முன்னால் நாம் பேச, அதாவது முடிவைச் சொல்ல, வேண்டியிருக்கிறது. எல்லாமே நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் கேள்விகள். தொகைகளை பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பணத்தில் பெரியது) கணக்கில் சொல்கிறேன். இருவரிடமும் 100 பிளைண்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டன் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுபவர்) ரெய்ஸ் செய்தார், அதாவது தொகையை உயர்த்தினார், பிக் பிளைண்டில் கிங்-10 வைத்துக் கால் செய்தேன். ஃப்ளாப் கிங்-7-2, மூன்றும் வேறு வேறு சின்னம். டாப் பேர் (பொதுச் சீட்டில் உயர்ந்ததோடு சேர்ந்த ஜோடி) கிடைத்தும் செக் செய்யச் சொல்கிறார்கள், அதாவது பணம் போடாமல் பேச்சை அடுத்தவருக்கு விடச் சொல்கிறார்கள். நானே பெட் (பந்தயம்) போட்டால்தானே என் கை முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று தெரியும்?

பதில்: தெரிந்துகொள்வதற்காகப் போடும் பெட்தான் இந்த இடத்தில் அதிகம் செலவு வைக்கிறது. நீங்கள் பெட் போட்டால் யார் ஃபோல்ட் செய்வார் (கையை விட்டு விலகுவார்)? குயின்-ஜாக், 10-9 என்று எதுவும் கிடைக்காதவர். யார் நிற்பார்? ஏஸ்-கிங், கிங்-குயின், கிங்-ஜாக் வைத்திருப்பவர், கூடவே 9-9 போன்ற சில ஜோடிகள். செக் செய்தால் நிலைமை மாறுகிறது. அதே குயின்-ஜாக்கை வைத்துக்கொண்டு பட்டன் ஆட்டக்காரர் பாட்டில் (நடுவில் சேர்ந்த மொத்தப் பணத்தில்) மூன்றில் ஒரு பங்கு பெட் போடுவார். நீங்கள் முந்திக்கொண்டால் அந்தப் பணம் வரவே வராது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நல்ல கைகளையெல்லாம் பெட் போட்டு ஆடினால், நீங்கள் செக் செய்யும்போது மிஞ்சுவது குப்பை மட்டும். கவனமான எதிராளிக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிடும். அப்புறம் நீங்கள் செக் செய்கிற ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு பெட் போட்டு உங்களைத் துரத்துவார். பொசிஷன் இல்லாதவருக்கு, அதாவது எதிராளிக்கு முன்னால் பேச வேண்டியவருக்கு, பாதுகாப்பு என்று இருப்பதே பலமான செக்தான். கிங்-10, ஏன், செட் (கையில் உள்ள ஜோடியோடு பொதுச் சீட்டிலும் அதே சீட்டு) கூட அந்தச் செக்குக்குள் இருக்க வேண்டும்.

ஆகவே செக், பிறகு கால். டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) செக். எப்போதும் அமைதியாக ஆடும் ஒருவர் டர்னிலும் ரிவரிலும் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) பெரிதாகப் போட்டால், இந்தக் கையை ரிவரில் ஃபோல்ட் செய்வதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: அப்படியானால் முந்திப் பெட் போடவே கூடாதா?

பதில்: போடலாம், ஆனால் போர்டு (பொதுச் சீட்டுகள்) உங்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 6-5-4 மாதிரி ஃப்ளாப்பில் 8-7, 6-5, 5-4 எல்லாம் பிக் பிளைண்டிடம்தான் அதிகம், ஏனென்றால் மலிவாகக் கால் செய்து உள்ளே வந்தவர் அவர். அங்கே சிறிய பெட்டுக்கு நியாயம் உண்டு. இன்னொன்று டர்னில் வரும். ஃப்ளாப் குயின்-7-4, எதிராளியின் பெட்டைக் கால் செய்தீர்கள், டர்னில் இன்னொரு 7. கையில் 7 இருந்திருந்தால் நீங்கள் நிச்சயம் கால் செய்திருப்பீர்கள். அவரோ 7 வைத்திருந்தால் பல தடவை ஃப்ளாப்பில் செக் செய்திருப்பார். அந்த டர்னில் நீங்கள் முந்தலாம். ஆட்டத்துக்குப் புதியவரானால் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை.

கேள்வி: செக்-ரெய்ஸ் (செக் செய்து, எதிராளி பெட் போட்ட பிறகு ரெய்ஸ் செய்வது) எந்தக் கைகளில் செய்வது? நான் செட் கிடைத்தால் மட்டும் செய்கிறேன், எல்லோரும் ஃபோல்ட் செய்துவிடுகிறார்கள்.

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. செட்டில் மட்டும் ரெய்ஸ் செய்கிறவருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

ஓர் உதாரணம். ஃப்ளாப் ஜாக்-8-3, அதில் இரண்டு ஆட்டின். பாட்டில் 5.5 இருக்கிறது, எதிராளி 1.8 பெட் போடுகிறார். 8-8, 3-3, ஜாக்-8 ஆகியவை பலத்துக்காக ரெய்ஸ் செய்யும் கைகள். அவற்றோடு சேர வேண்டியவை டிரா கைகள், அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் பலமாகும் கைகள்: இருபக்கமும் திறந்த 10-9 (7 அல்லது குயின் வந்தால் ஸ்ட்ரெய்ட், அதாவது ஐந்து சீட்டு வரிசை), சிறிய ஆட்டின் ஃப்ளஷ் டிரா (ஃப்ளஷ் என்பது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு). கால் வந்தாலும் இவற்றுக்கு ஜெயிக்க வழி இருக்கிறது. இருபக்க ஸ்ட்ரெய்ட் டிரா ரிவருக்குள் சேர 31 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, ஃப்ளஷ் டிராவுக்குச் சுமார் 35.

6.5-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே கிடக்கும் 7.3-ஐ எடுக்க 6.5-ஐப் பணயம் வைக்கிறீர்கள். கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் எதிராளி 47 சதவீதம் ஃபோல்ட் செய்தால்தான் கட்டுப்படியாகும். டிரா இருந்தால் அவ்வளவு தேவையில்லை. வெறும் கையை விட டிராவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

செய்யக்கூடாதது ஜாக்-9, 9-8 போன்ற நடுத்தர ஜோடிகளை வைத்து ரெய்ஸ் செய்வது. கீழான கையை ஓட்டிவிட்டு மேலான கையோடு தனியாக மாட்டிக்கொள்வீர்கள். அவை கால் செய்யும் கைகள். அப்புறம், ரெய்ஸ் செய்துவிட்டு டர்னில் கை சேரவில்லை என்று ஒவ்வொரு முறையும் செக் செய்து கைவிடாதீர்கள். ரெய்ஸ் செய்யும் முன்பே எந்தெந்த டர்ன் சீட்டில் தொடரப் போகிறீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

கேள்வி: டர்னில் ஃப்ளஷ் டிரா வைத்திருக்கிறேன். பாட் 20, எதிராளி 15 போடுகிறார். கால் செய்யலாமா?

பதில்: கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் பொசிஷன் இல்லாதவர் அதிகம் இழப்பது இங்கேதான். 15 கொடுத்தால் பாட் 50 ஆகும், எனவே ஜெயிக்க 30 சதவீதம் வாய்ப்பு தேவை. பார்க்காத 46 சீட்டில் உங்களுக்கு உதவுவது 9, அதாவது 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பற்றாக்குறையை ரிவரில்தான் ஈடுகட்ட வேண்டும். ஃப்ளஷ் சேரும்போதெல்லாம் சராசரியாக இன்னும் 27 பிளைண்ட் வாங்கினால்தான் இந்தக் கால் சமன் ஆகும்.

இப்போது ரிவரை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது ஆட்டின் விழுகிறது. நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். பெட் போட்டால் அவர் உஷாராகிறார், செக் செய்தால் அவரும் செக் செய்து சீட்டைக் காட்டச் சொல்லிவிடலாம். பொசிஷன் உள்ளவர் இதே டிராவை வைத்திருந்தால் 27 வாங்குவது எளிது. உங்களுக்கு அது சிரமம். அதனால் ஃப்ளஷ் டிரா மட்டும் இருந்தால் ஃபோல்ட் செய்வேன். கூடவே ஒரு ஜோடியோ, உள்ளே ஒரு சீட்டு குறையும் ஸ்ட்ரெய்ட் டிராவோ இருந்தால் கால் செய்வேன். அவர் பெட் 10-ஆக இருந்தால் தேவை 25 சதவீதம், பற்றாக்குறை சிறியது, அங்கே கால் செய்யத் தயங்க மாட்டேன்.

கேள்வி: ஸ்மால் பிளைண்டில் (பாதி பிளைண்ட் போடும் இடத்தில்) கால் செய்து ஃப்ளாப் பார்ப்பது ஏன் தவறு? பிக் பிளைண்டில் மட்டும் ஏன் சரி?

பதில்: பட்டன் 2.5 ரெய்ஸ் செய்தால், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் ஆன பிறகு, பிக் பிளைண்ட் 1.5 போட்டு 5.5 பாட்டுக்குப் போட்டி போடுகிறார். தேவை 27 சதவீதம். ஸ்மால் பிளைண்ட் 2 போட வேண்டும், பாட் 6, தேவை 33. அதோடு பின்னால் இன்னொருவர் பேசக் காத்திருக்கிறார், எல்லாச் சுற்றிலும் முதலில் பேசுவதும் நீங்களே. பெரும்பாலும் த்ரீ-பெட் (ரெய்ஸுக்கு மேல் மறு ரெய்ஸ்) அல்லது ஃபோல்ட்.

கேள்வி: ஏஸ்-கிங் வைத்து ஸ்மால் பிளைண்டிலிருந்து 11-க்கு த்ரீ-பெட் செய்தேன், பட்டன் கால். ஃப்ளாப் 9-8-6. பெட்டைத் தொடர வேண்டாமா?

பதில்: இங்கே செக் செய்யுங்கள். பாட் 23, உங்களிடம் மிச்சம் 89, அதாவது பாட்டைப் போல நான்கு மடங்குக்கும் கீழே. சாதாரண ரெய்ஸ் பாட்டில் அது பதினேழு மடங்குக்கு மேல். மிச்சம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது பட்டன் ஒரு ரெய்ஸ் அடித்தால் ஏஸ்-கிங்கோடு நிற்க முடியாது. 9-8-6 அவர் கால் செய்த 9-9, 8-8, 10-9 போன்ற கைகளோடு நன்றாக ஒட்டும் போர்டு. கிங்-கிங், ஏஸ்-ஏஸ் இருந்தாலும் சில தடவை இதில் செக் செய்யுங்கள், அப்போதுதான் ஏஸ்-கிங்கின் செக்கை அவர் எளிதாகத் தாக்க முடியாது. ஏஸ்-7-2, கிங்-7-2 வந்தால் கதை வேறு. அவை உங்கள் போர்டுகள், பாட்டில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 7.5, அடிக்கடி போடலாம்.

கேள்வி: நான் செக், பட்டனும் ஃப்ளாப்பில் செக். டர்னில்?

பதில்: இங்கே தைரியமாகப் பெட் போடுங்கள். பலமான கை இருந்தால் அவர் பெரும்பாலும் ஃப்ளாப்பிலேயே போட்டிருப்பார். உங்கள் டாப் பேர், டிரா, சில வெறும் கைகள் எல்லாமே பெட்டுக்கு ஏற்றவை.

கேள்வி: ரிவரில் சுமாரான டாப் பேர் வைத்து முதலில் பேச வேண்டும். செக்கா, சின்ன பெட்டா?

பதில்: எதிராளி யார் என்பதைப் பொறுத்தது. சேராத டிராக்களை வைத்து பிளஃப் செய்யும் (கையில் பலமில்லாமலே பெட் போடும்) பழக்கம் அவருக்கு இருந்தால் செக் செய்யுங்கள். எதற்கும் கால் செய்வார், ஆனால் தானாகப் பெட் போட மாட்டார் என்றால் பாட்டில் நான்கில் ஒரு பங்கு நீங்களே போடுங்கள். ரெய்ஸ் வந்தால் ஃபோல்ட்.

செக் செய்த பிறகு அவர் பாட் முழுவதையும் பெட் போட்டால் மூன்று முறையில் ஒன்று ஜெயித்தால் போதும், பாதி பாட்டுக்கு நான்கில் ஒன்று. அதோடு உங்கள் சீட்டையும் பாருங்கள். ஆட்டின் ஃப்ளஷ் சேராமல் போன போர்டில் உங்கள் கையிலேயே ஓர் ஆட்டின் இருந்தால், அவரிடம் சேராத டிரா இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆட்டின் இல்லாத கிங்-10-ஐக் கால் செய்துவிட்டு, ஆட்டின் உள்ள கிங்-10-ஐ ஃபோல்ட் செய்வது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் கால் செய்வதா வேண்டாமா என்று தராசு சமமாக நிற்கும்போது நான் அப்படித்தான் பிரிக்கிறேன்.