மாமாவின் குட்டை போனது, மகள் இறால் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, அவளோ இறால் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உங்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் 1995-ல் உங்கள் அண்ணன் வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை போட்டு, அண்ணியின் நகை வரைக்கும் அடகு வைத்து, ஒரே வாரத்தில் எல்லாம் போய் நின்றதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். "அந்தத் தொழிலா என் பொண்ணுக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் அண்ணனுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். அது அவருடைய கெட்ட நேரமும் இல்லை, கண்ணேறும் இல்லை. 1992 வாக்கில் கிழக்காசியாவில் கிளம்பிய வெள்ளைப்புள்ளி வைரஸ் 1994-95-ல் நம் கிழக்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. இறாலின் ஓட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும், தீவனம் எடுப்பது நிற்கும், இறால் கரையோரம் வந்து ஒதுங்கும், மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குட்டையே காலி. அதற்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. ஆனால் இன்று குஞ்சு வாங்கும்போதே பிசிஆர் சோதனை செய்து வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட முடிகிறது. நண்டு இந்த நோயைச் சுமந்து வரும் என்று தெரிந்ததால் பண்ணையைச் சுற்றி நண்டு வேலி கட்டுகிறார்கள், காகமும் கொக்கும் செத்த இறாலைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த குட்டையில் போடாமலிருக்க மேலே கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. உங்கள் மகள் படிக்கப் போவது அந்த ஆளாக நிற்பதற்குத்தான், இதை அவளிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

நான் சில வருடங்களுக்கு முன் மாணவர்களோடு ஒரு பண்ணைக்குப் போயிருந்தபோது விடியற்காலை நாலு மணி. ஏன் அந்த நேரம் என்றால், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் இருக்கும் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியும் முன்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பையன் செக் டிரேயை, அதாவது இறால் தீவனம் எடுக்கிறதா என்று பார்க்கத் தண்ணீருக்குள் இறக்கி வைக்கும் தட்டை, தூக்கினான். இரண்டு மணி நேரத்துக்கு முன் வைத்த தீவனம் பாதி அப்படியே கிடந்தது. ஒரு இறாலை எடுத்து டார்ச்சுக்கு எதிரே பிடித்தான், முதுகில் கறுப்புக் கோடு மாதிரி ஓட வேண்டிய குடல் அங்கங்கே விட்டுவிட்டு இருந்தது. தண்ணீர் மேலே பார்த்தால் வெள்ளை நூல் துண்டுகள் போலக் கழிவு மிதந்தது. பண்ணைக்காரர் முகம் மாறிவிட்டது. இஎச்பி என்கிற நுண்ணுயிரி இறாலின் கல்லீரல்-கணையத்தில் உட்கார்ந்துகொண்டு அதை வளரவிடாமல் செய்யும், இறால் பெரும்பாலும் சாகாது, ஆனால் தீவனச் செலவு ஏறிக்கொண்டே போகும். அந்த வெள்ளைக் கழிவைப் பார்த்தால் பண்ணைக்காரருக்கு முதலில் அந்தப் பயம்தான். 2009-ல் வனாமி என்கிற வெளிநாட்டு இறாலை வளர்க்க அனுமதி வந்து, நோயற்ற தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து இறக்கி, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பரிசோதித்து அனுப்பும் ஏற்பாடெல்லாம் வந்த பிறகும் இந்தத் தலைவலி தீரவில்லை. ஆராய்ச்சிக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டீர்களே, இதுதான் பதில்.

மீன் பக்கமும் அப்படித்தான். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாய் மீனையும் 2015-ல் பால்கெண்டை மீனையும் தாய் மீன் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. தாய் இறாலுக்கு வெளிநாட்டைப் பார்த்து நிற்காமலிருக்க நம் சொந்த வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் வேலையும் அங்கே நடக்கிறது. முட்டுக்காட்டில் அவர்களுக்குக் களப் பண்ணை உண்டு. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எல்லாம் நம் வாசலிலேயே இருக்கின்றன.

இப்போது கசப்பான பகுதி. இது நீண்ட பாதை. பட்டப்படிப்பு நாலு வருடம், முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் மூன்றிலிருந்து ஐந்து. அதாவது பிள்ளைக்கு இருபத்தெட்டு ஆகிவிடும். நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட கல்யாணக் கவலை எனக்குப் புரிகிறது. அதை இப்போதே அவளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், மூன்றாவது வருடம் நடுவில் கிளப்பாதீர்கள். அதற்காகப் பத்து வருடமும் சம்பாத்தியம் இல்லாமல் உட்காரப் போகிறாள் என்றும் நினைக்க வேண்டாம். பட்டம் முடித்ததுமே குஞ்சு பொரிப்பகம், தீவனக் கம்பெனி, நோய் பரிசோதனைக் கூடம் என்று வேலை உண்டு, மரக்காணம் பக்கமும் ஆந்திராவில் நெல்லூர், பீமவரம் பக்கமும் அதிகம். அரசு மீன்வளத் துறை வேலைகளும் உண்டு, அதற்கு டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும். விஞ்ஞானி ஆக வேண்டும் என்றால் முனைவர் பட்டத்தோடு வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு, அது கடினம், ஒரே தடவையில் தட்டினால் அதிர்ஷ்டம். வெளிநாடு போகும் யோசனை இருந்தால் பெல்ஜியத்தின் கெண்ட், பாங்காக் பக்கத்தில் இருக்கும் ஆசியத் தொழில்நுட்பக் கழகம் இரண்டையும் பார்த்துவைக்கச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்தை முதல் வருடத்திலேயே தொடங்கட்டும்.

"சேத்துல இறங்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், இறங்க வேண்டும். கையில் நாற்றமும் ஒட்டும். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த இறால் லார்வாவுக்கு ராத்திரி பகல் தெரியாது. இரண்டாம் கட்டத்தில் அதற்குப் பாசி தர வேண்டும், மூன்றாம் கட்டத்தில் ஆர்ட்டீமியா என்கிற பொடி உயிரி, ஒரு வேளை தவறினாலும் தொட்டியோடு போகும். பெண் பிள்ளைகள் இந்த வேலையை நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கல்லூரியிலும் பயிற்சிக்கு அனுப்பும் பண்ணையிலும் தங்குமிடம் எப்படி, பெண்கள் எத்தனை பேர், ராத்திரி டியூட்டிக்குக் கூட ஆள் உண்டா என்று நீங்களே நேரில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. இறால் பண்ணையால் பக்கத்து வயலில் உப்பு ஏறியதும், ஊர்க் கிணறு கெட்டதும் நம் டெல்டாவில் பலருக்குத் தெரியும். அதற்காகத்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்குச் சட்டம் வந்தது. உங்கள் பெண் இதையும் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்ப விடுவது, குறைந்த தண்ணீரில் வளர்ப்பது என்று இதிலேயே ஒருவர் வாழ்நாள் முழுக்க வேலை செய்யலாம்.

மறுபடி நீட் எழுத ஒரு வருடம் உட்கார வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவள் கேட்டால் யோசியுங்கள். கேட்காதபோது வேண்டாம்.

கலந்தாய்வில் சேர்வதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அண்ணனைக் கூப்பிட்டு, மகளை ஒரு நாள் விடிகாலையில் அவர் பழைய குட்டை இருந்த இடத்துக்கும், அங்கே இப்போது யாராவது இறால் வளர்த்தால் அந்தக் குட்டைக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அந்த வாரம் என்னென்ன பார்த்தார் என்று அவர் சொல்லட்டும், அவள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். திரும்பி வந்து அவள் என்ன கேள்வி கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.